கோவாவுக்குப் போன குழவிக்கல்

பொள்ளாச்சிக்குக் கிழக்கே மொட்டைக்காட்டுப்புதூர் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கென்று ஒதுக்கிய அசட்டுத்தனம் அத்தனையையும் மூன்று பேரே வாங்கிக்கொண்டு போய்விட்டதால், மற்றவர்கள் ஏதோ சுமாரான புத்தியோடு பிழைத்துக் கிடந்தார்கள்.

மூவரில் நம்முடைய ஆள் நாச்சிமுத்து. மற்ற இருவர் அவன் கூட்டாளிகள், ராக்கியப்பனும் அப்புக்குட்டியும். நாச்சிமுத்து இரண்டு வருஷமாகப் போனில் போக்கர் சீட்டு ஆடிக்கொண்டிருந்தான். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதும் ஆட்டம், பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தும் ஆட்டம். ஒரு நாள் பெண்டாட்டி செல்வநாயகி வாசலில் வழுக்கி விழுந்து கூப்பிட்டபோது, “இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்” என்றான். அது முடிவதற்குள் அவள் நொண்டிக்கொண்டே பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போனதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டத்தை மட்டும் விடவில்லை. அப்படி ஆடியதில், கோவாவில் ஒரு ஹோட்டலில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் போட்டிக்கு அவனுக்கு இடம் கிடைத்தது. ஓடிப்போய் மாமனார் வீட்டு வாசலில் நின்று சொன்னான். செல்வநாயகி கதவைப் பாதிதான் திறந்தாள்.

“ஜெயிச்சாக் கோப்பையோட வாங்க. தோத்தா அந்தப் போனைத் தூக்கி நம்ம கெணத்துல போடுங்க. ரெண்டுல எது நடந்தாலும் நான் ஊட்டுக்கு வாரேன். அதுக்கப்பறமும் என்னையக் கண்டுக்காம இருந்தீங்கன்னா மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பிப் போயிருவேன். ஒரேயடியாப் போயிருவேன்.”

அந்தக் கோவா ஹோட்டலில்தான் ராக்கியப்பனின் மச்சான் திருமூர்த்தி சமையல்காரர். அவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டு, மூவரும் கைகட்டி நின்று யோசனை கேட்டார்கள். அவரும் பாவம், நல்ல மனுஷன், விவரமாகச் சொன்னார். முகம் கல் மாதிரி இருக்க வேண்டும். சீட்டை யாருக்கும் காட்டக்கூடாது. பந்தயத்தைத் தைரியமாகப் போட வேண்டும். சாமான்களில் அவசியமானதை மட்டும் கொண்டுவர வேண்டும். கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மூணு பேரும் சாடை காட்டி ஆடறீங்கன்னு சந்தேகப்படுவாங்க. அதனால பொறப்பட்டதுல இருந்து ஆரையும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேண்டாம். என்னையும்தான். நானே உம்பட போனுக்குக் கூப்பிட்டுப் ‘போதும்’னு சொல்ற வரைக்கும் ஆரும் ஆருக்கும் ஆளில்ல, தெரியுதா நாச்சி?”

நன்றாகத் தெரிந்தது என்றார்கள்.

முதலில் முகம். செல்வநாயகியின் ஆட்டுக்கல்லிலிருந்து குழவியைப் பிடுங்கி ஸ்டூல் மேல் வைத்து, எதிரே உட்கார்ந்து மூன்று நாள் அதையே பார்த்தார்கள். அப்புக்குட்டிக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. பால்கேன் காலில் விழுந்தபோதுகூட அவன் முகம் அசையவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. நாச்சிமுத்துவுக்குத்தான் சீட்டை எடுத்ததும் புருவம் ஏறியது. ராக்கியப்பன் விசாரணையில் இறங்கினான்.

“எப்பப் புருவம் ஏறுது?”

“நல்ல சீட்டைப் பாத்தாங்கண்ணா.”

“கெட்ட சீட்டு வந்தா?”

“எறங்குதுங்க.”

ராக்கியப்பன் ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்தான். “அப்பக் குத்தம் மொகத்து மேல இல்ல. பாக்கறதுலதான் இருக்குது. பாக்காம இருந்தா மொகத்துக்கு என்ன தெரியும்?”

“ஆருக்கும் காட்டக்கூடாதுன்னு திருமூர்த்தியண்ணன் சொன்னதும் அதுல அடங்கிருதுங்க” என்றான் அப்புக்குட்டி. “நாச்சியும் ஒரு ஆள்தானுங்களே.”

ஆக, சீட்டைப் பார்ப்பதே இல்லை என்று முடிவாயிற்று.

அடுத்தது சாமான். சட்டை அவசியமா என்று பார்த்தார்கள். ஒன்றுதான் உடம்பில் இருக்கிறதே. சோப்பு, துண்டு எல்லாம் கோவாவிலும் கிடைக்கும். கோவாக் கல் இதே மாதிரி முகம் வைத்திருக்குமா என்பதுதான் சந்தேகமாக இருந்தது. எனவே குழவிக்கல்லை மட்டும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு கோயமுத்தூரில் ரயில் ஏறினார்கள். ஏறியதுமே ஒருவரையொருவர் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அது ராக்கியப்பன் பையில் இருந்தது. டிடிஆர் வந்து, மற்ற இரண்டு பேர் எங்கே, இவர்களா என்று கேட்டார். ராக்கியப்பன் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இதற்கு முன் கண்ணால் கண்டதில்லை என்றான். பாலக்காட்டில் இருவரையும் இறக்கிவிட்டார்கள். இறங்கிய இருவரும் பிளாட்பாரத்தின் இரண்டு கோடிகளில் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்துவுக்குப் பசி. வடை வாங்கக் காசு அப்புக்குட்டியிடம் இருந்தது. முன்பின் தெரியாத மனுஷனிடம் எப்படிக் கேட்பது என்று பட்டினியாகவே அடுத்த ரயிலைப் பிடித்தான்.

போட்டிக் கூடத்தின் வாசலில் ராக்கியப்பன் பையோடு நின்றிருந்தான். நாச்சிமுத்து மரியாதையாகக் கிட்டே போனான்.

“ஏனுங்க சார், இந்தக் கல்லு உங்களுதுங்களா? ஒரு நாளைக்கு எரவலாக் குடுக்க முடியுங்களா?”

“பாத்துப் பத்திரமாக் குடுத்துருங்க” என்றான் ராக்கியப்பன்.

ஆட்டம் தொடங்கியது. நாச்சிமுத்து தனக்கு வந்த சீட்டு இரண்டையும் பார்க்காமல் அதன் மேல் குழவிக்கல்லை ஏற்றி வைத்தான். தைரியமாகப் போடச் சொல்லியிருந்ததால் தன் முன்னால் இருந்த பந்தயச் சில்லு அத்தனையையும் நடுவில் தள்ளினான். முகமோ கல். ஒவ்வொரு முறையும் இப்படியே. முதலில் சிரித்தவர்கள் பிறகு கல்லையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பார்க்காமலே இத்தனை போடுகிறவன் லேசுப்பட்டவன் இல்லை என்று ஒவ்வொருவராகச் சீட்டைக் கீழே வைத்து விலகினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கூடத்தில் மிஞ்சியது இரண்டே பேர். நாச்சிமுத்துவும் ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரரும்.

கோப்பை எதிரே மேஜையில் இருந்தது. அதைச் செல்வநாயகி கையில் கொடுப்பதை நாச்சிமுத்து நினைத்துப் பார்த்துக்கொண்டான். கண்ணாடிக்காரருக்குப் பசி வந்துவிட்டது. வருவது வரட்டும் என்று அவரும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத் தன் சீட்டைத் திருப்பினார். ஒரு இரண்டு, ஒரு ஏழு. எதற்கும் உதவாதவை. இப்போது நாச்சிமுத்து தன்னுடையதைத் திருப்ப வேண்டியதுதான்.

“ஆருக்கும் காட்டக்கூடாதுங்க” என்றான் நாச்சிமுத்து.

போனில் ஆடும்போது சீட்டு தானே திரும்பிக்கொள்ளும். இப்படி ஒருவர் வந்து கேட்பார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இங்கிலீஷில் கேட்டார்கள், இந்தியில் கேட்டார்கள். அவன் குழவிக்கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று சமையலறைக்கு ஆள் போக, திருமூர்த்தி கரண்டியோடு ஓடி வந்தார்.

“டேய் நாச்சி, காட்டித் தொலைடா. காட்டினாத்தாண்டா ஜெயிப்பே.”

நாச்சிமுத்து அவரை நிதானமாகப் பார்த்தான். “ஏனுங்க, நீங்க ஆருன்னு தெரியலீங்களே.”

சீட்டைக் காட்டாதவன் தோற்றவன் என்று தீர்ப்பாயிற்று. திருமூர்த்தி கரண்டியைத் தரையில் போட்டுவிட்டு, இனிமேல் இவன்களுக்குப் போன் செய்தால் தன் பெயரை மாற்றிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

ஊர் வந்ததும் நாச்சிமுத்து நேரே கிணற்றுக்குப் போய், செல்வநாயகி சொன்னபடியே போனைப் போட்டான். சேதி பறந்து, மறுநாளே செல்வநாயகி வந்து இறங்கினாள். மூன்று பேரும் கிணற்றைச் சுற்றித் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். போனைப் போட்டேவிட்டான் என்று கேட்டதில் அவளுக்கு மனசு இளகிக் கிடந்தது. “மாமா” என்று கூப்பிட்டாள்.

நாச்சிமுத்துவுக்கு உள்ளே துள்ளியது. ஆனால் திருமூர்த்தி இன்னும் கூப்பிடவில்லையே. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டான்.

“ஏனுங்கம்மா, நீங்க ஆருன்னு தெரியலீங்க. ஆனா நீங்க வந்தது எனக்கு ரொம்பச் சந்தோசமுங்க.”

ராக்கியப்பன், “அம்மாவுக்கு எந்த ஊருங்க?” என்று விசாரித்தான். அப்புக்குட்டி, வந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தான். செல்வநாயகி கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுக் கேட்டு விஷயத்தைப் பிடுங்குவதற்குள் மணி இரண்டே முக்கால். தன் போனில் திருமூர்த்தியைக் கூப்பிட்டு அழுதாள். அவர் மனசு இரங்கி, “போதும்டா, போதும், எல்லாரும் தெரிஞ்சவங்கதாண்டா” என்று ஸ்பீக்கரில் கத்தினார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கொரல் அவருதுதான்” என்றான் ராக்கியப்பன். “ஆனா இந்தச் சாரோட போனுக்குல்லீங்க சொல்லோணும்?”

மேட்டில் மூணு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. செல்வநாயகி அதைக் கேட்டாள். நாச்சிமுத்துவின் கல் முகத்தையும் பார்த்தாள். அந்த முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் தன் போனை வாளியில் போட்டு, “எறக்குங்க. அந்தப் போன்கிட்டயே போய்ச் சொல்லட்டும்” என்றாள்.

வாளி தண்ணீருக்குப் போய் மேலே மிதந்தது. ராக்கியப்பனுக்குத் திருப்தி இல்லை. அந்தப் போன் அடியில் கிடக்கிறது, மேலே நின்று பேசினால் அதற்கு எப்படிக் கேட்கும் என்று வாளியைத் தூக்கி, குழவிக்கல்லை உள்ளே வைத்து, மறுபடி இறக்கினான். “போதும்டா, போதும்” என்று திருமூர்த்தியின் குரல் இறங்கிக்கொண்டே போய், நாலைந்து குமிழியோடு நின்றது. கயிறும் கூடவே போயிற்று.

கடைசிக் குமிழி உடையும்வரை மூவரும் பொறுத்திருந்தார்கள். பிறகு நாச்சிமுத்துவின் முகம் இளகி, வாய் காதுவரை விரிந்தது. பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

“அட நாயகி, எப்பப் புள்ள வந்தே? வர்றதுக்கு முன்னால ஒரு போன் பண்ணியிருக்கலாமல்ல?”