ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு

மருதங்காடு என்ற சீமையை முன்னொரு காலத்தில் கார்மேக ராஜா ஆண்டுவந்தார். தங்கமான மனசு, ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அவருக்கு ஆறு மந்திரிகள். சிம்மாசனத்தை ஒட்டிய முதல் ஆசனம் யாருக்கு என்று ஆறு பேருக்கும் தினமும் சண்டை.

ஒருநாள் ராஜா கொதித்துவிட்டார். "எட்டு நாளில் ஆறு பேரும் ஒப்புக்கொள்ளும் வரிசை ஒன்று வரவேண்டும். இல்லையென்றால் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் ஆறு குதிரைகளை மந்திரியாக்குவேன்!"

சொன்னால் செய்கிற ஆள். ஏரி குளங்களைப் பார்க்கும் மந்திரி நாகமுத்து ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்துவிட்டார். கடைசி ஆசனக்காரர்தான், ஆனாலும் சண்டை போடும் அந்த ஐந்து பேரையும் பிரிய அவருக்கு மனசில்லை. ஏழு நாளும் கணக்குப் போட்டுக் கிடந்தார்.

எட்டாம் நாள் ஆறு ஓலைகளோடு சபைக்கு வந்தார். ஓலைக்கு ஓர் எண்: 1, 2, 4, 5, 7, 8.

"ஆளுக்கொன்று எடுங்கள்" என்றார்.

மந்திரிகளில் ஒருவரான சேனாபதி வீரசிம்மருக்கு நாகமுத்துவைக் கண்டாலே ஆகாது. பாய்ந்து எட்டைப் பிடுங்கினார். "பெரியவனுக்குப் பெரியது!" மற்றவர்களும் முண்டியடித்தார்கள். யாரும் தொடாத 1 என்ற ஓலை நாகமுத்துவுக்கு மிஞ்சியது.

அவர் தரையில் சுண்ணாம்பால் 1,42,857 என்று எழுதினார். "மன்னா, இந்த மாதம் இதுதான் வரிசை."

"பார்த்தீர்களா, தன்னை முதலில் வைத்துக்கொண்டான்!" என்று குதித்தார் சேனாபதி.

"ஒரு மாதம்தான், சேனாபதியாரே. அடுத்த மாதம் இதையே இரண்டால் பெருக்க வேண்டும். மன்னரே பெருக்கட்டும்."

ராஜா சுண்ணாம்பை வாங்கிப் பெருக்கினார். 2,85,714.

"அட! அதே ஆறு எண்கள்! ஒன்றும் காணாமல் போகவில்லையே!"

மூன்றாம் மாதத்துக்கு அந்த முதல் எண்ணையே மூன்றால் பெருக்கினார்: 4,28,571. நான்கால்: 5,71,428. ஐந்தால்: 7,14,285. ஒவ்வொரு தடவையும் வேறொருவர் முன்னால் வந்தார். ஆறால் பெருக்கியபோதுதான் 8,57,142 வந்து எட்டு முன்னால் தலைகாட்டியது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "வீரசிம்மரே, பெரியதை எடுத்தீர், ஆறாம் மாதம்வரை பெரிய பொறுமையும் வேண்டும்!"

சேனாபதி முகம் சிவந்தது. விடுவாரா? "ஏழாம் மாதம்? ஏழால் பெருக்கிப் பாருங்கள், இவன் வித்தை சிதறும்!"

ராஜா பெருக்கினார். கை நின்றுவிட்டது. 9,99,999.

மற்ற மந்திரிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

"சிதறவில்லை மன்னா" என்றார் நாகமுத்து மெதுவாக. "அந்த மாதம் எல்லாரும் சமம். ஆறு பேரோடு ஏழாவதாகத் தாங்களும் வந்து உட்காருங்கள்."

ராஜாவுக்குக் கண் கலங்கியது. தன் பட்டுச் சால்வையைக் கழற்றி நாகமுத்துவின் தோளில் போர்த்தினார்.

ஏழாம் மாதம் பிறந்ததும் ஆசனங்களை எடுத்துவிட்டு வட்டமாகப் பாய் விரித்தார்கள். ராஜாவே பாயசம் பரிமாறினார். முதல் தொன்னை வீரசிம்மர் கைக்கு வந்தது. அவர் அதை வாங்கி, ஒரு கணம் தயங்கி, பக்கத்தில் இருந்த நாகமுத்துவிடம் நீட்டினார்.

"நீ குடி ஐயா. சூடு ஆறிவிடப் போகிறது."