அம்பு இல்லாத புள்ளி

கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த இசக்கியப்பன், அந்த வேலையை உதறிவிட்டு வானியல் ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி பேராசிரியை குமுதவல்லி வயதில் இளையவர். அதனால் சீடர் குருவை "மேடம்" என்பார். குரு சீடரை "சார்" என்பார்.

வானத்தை அளந்த தொலைநோக்கிகளின் தரவுகளை வைத்து, வருடக்கணக்காக உழைத்து, சீடர் ஒரு படம் உருவாக்கியிருந்தார். கேலக்ஸிகள் எனும் நட்சத்திர மண்டலங்கள் எங்கே நெருக்கமாக இருக்கின்றன, எது எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் அதில் தெரிந்தது.

மறுநாள் கருத்தரங்கம். அதற்கென்று புதுச் சட்டையும் எடுத்தாயிற்று. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாருங்க மேடம். இந்தப் பக்கம்தான் கூட்டம் அதிகம். இழுப்பும் அங்கதான் அதிகம். ஆனா எல்லா கேலக்ஸியும் அதை விட்டு எதிர்ப்பக்கமா ஓடுது. இது புது விசை. யாரும் பாக்காதது!"

குமுதவல்லி படத்தை நிதானமாகப் பார்த்தார். ஒரு புள்ளி ஒரு கேலக்ஸி. ஒவ்வொரு புள்ளிக்கும், அது போகும் திசையைக் காட்ட ஓர் அம்புக்குறி இருந்தது.

"இதுல நாம எங்க இருக்கோம் சார்?"

"நட்ட நடுவுல."

"நமக்கு மட்டும் அம்பைக் காணோமே?"

"சூரியன் நம்ம கேலக்ஸியான பால்வெளிக்குள்ள சுத்துற வேகத்தைக் கழிச்சிட்டேனே மேடம்."

"சரி. அந்தப் பால்வெளியே போற வேகத்தை?"

இசக்கியப்பனின் முகம் வெளிறியது. கணினி முன்னால் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். புதுப் படத்தில் நடுப்புள்ளிக்கும் ஓர் அம்பு இருந்தது. அது நேராக அந்தக் கூட்டத்தைப் பார்த்து நீண்டிருந்தது. மற்ற அம்புகள் சுருங்கிவிட்டன.

"அதுங்க ஓடல மேடம். நாமதான் கூட்டத்தைப் பாத்துப் போறோம். புது விசையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"பால்வெளியோட ஓட்டத்தை வேற வழியில அளந்தவங்க சொன்ன திசையும் இதுதான் சார். உங்க படம் துல்லியமா இருக்கு."

"இருந்து என்ன? இதுக்கா காலேஜ் வேலையை விட்டேன்? காலையில நடு மையத்துல நின்னேன். இப்ப லட்சத்துல ஒரு புள்ளி."

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. குமுதவல்லி நடுப்புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"நாளைக்குப் புதுச் சட்டையிலேயே வாங்க. இத்தனை லட்சம் புள்ளியில, தன் அம்பைத் தானே வரைஞ்சுக்கிட்ட புள்ளி, நமக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்."