கோர்மக் தாடியில் ஒட்டின தேன்

சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டா ஆச்சா? பாட்டி பக்கம் திரும்பு மீனு. அப்பன் பம்பரத்தைப் பிடுங்கி அலமாரி மேல வச்சுட்டான்னு சாப்பிடாம படுத்துட்டே. சரி, வேண்டாம். உன்னை மாதிரியே கோவிச்சுக்கிட்டுப் பட்டினி கிடந்த ஒருத்தி கதையைச் சொல்றேன். ஆனா 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா அந்த இடத்துலயே நிறுத்திடுவேன்.

"ம்."

கடல் தாண்டி, அப்புறமும் கடல் தாண்டி, அயர்லாந்துன்னு ஒரு தேசம். அங்க மழை தூறிக்கிட்டே இருக்கிற ஒரு ஊர்ல ஒரு படகுக்காரி இருந்தா. பேரு டெர்வ்லா. செம்பட்டை முடி, சங்கு ஊதின மாதிரி குரல். மாட்டுத்தோல் போர்த்தின சின்னப் படகுல தனியாப் போய் மீன் பிடிச்சுட்டு வருவா. அப்புறம் சாப்பிடுவா பாரு, அவ வீட்டுப் பூனைக்கு முள்ளுகூட மிஞ்சாது!

அந்த ஊர்த் தலைவன் கோர்மக். வயித்து வரைக்கும் தாடி. ஒரு நாள், "கரைக்கு வர்ற ஒவ்வொரு படகுலேருந்தும் நல்ல மீனா ஒண்ணு எனக்கு வந்துடணும்"னு சொல்லிட்டான். எல்லாரும் முணுமுணுத்துக்கிட்டே கொடுத்தாங்க. டெர்வ்லா மட்டும் ஒரு நண்டை உயிரோட கூடையில போட்டு, மூடி அனுப்பினா. கோர்மக் ஆசையாக் குனிஞ்சு திறந்தானா, லபக்! மூக்கைப் பிடிச்சுக்கிச்சு.

நீ சிரிக்கிறே. அவன் சிரிக்கல. ஆளை விட்டு அவ படகைத் தூக்கிட்டு வந்து, தன் வீட்டுக் கொல்லையில கவிழ்த்துப் போட்டுட்டான். குளிர்காலம் வரப்போகுது. படகு இல்லேன்னா மீன் இல்ல. மீன் இல்லேன்னா டெர்வ்லாவுக்குச் சாப்பாடே இல்ல.

"அப்புறம்?"

அந்த தேசத்துல ஒரு வழக்கம். பெரிய மனுஷன் அநியாயம் பண்ணினா, எளியவங்க அவன் வாசல்ல போய்ப் பட்டினி உட்காரலாம். அவங்க உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவனும் வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. நியாயம் பண்ணிட்டுத்தான் சாப்பிடணும். அதுக்கு முன்னாடி தின்னான்னா, எடுத்ததை ரெண்டு மடங்காத் திருப்பணும். உட்கார்ந்தவங்க தின்னுட்டாங்கன்னா, அவங்க வழக்கு தோத்துப் போச்சு.

டெர்வ்லா போய் வாசல்ல தொப்புன்னு உட்கார்ந்தா. ஊரே கூடிருச்சு. கோர்மக் விழுந்து விழுந்து சிரிச்சான். "நீயா? பட்டினியா? பொழுது சாயறதுக்குள்ள என் கதவைக் கடிச்சுத் தின்னுடுவே!"

"உங்க கதவுல உப்பு பத்தாது தலைவரே. நீங்க உள்ள போங்க."

அப்போ அவன் சமையல்காரி நெஸ்ஸாவைக் கூப்பிட்டான். "மீனை வெண்ணெய்ல வறுத்து அவ மூக்குக்கு நேரா வை." சொய்ங்ங்! டெர்வ்லா வயிறு கடமுடான்னு உருண்டுச்சு. போர்வையால மூக்கை மூடிக்கிட்டா. வாசம் சும்மா இருக்குமா? கதவு இடுக்கு வழியாப் போய் கோர்மக் மூக்குல ஏறுச்சு. அவன் வயிறும் கடமுடா.

"ம்!"

மறுநாள் சுடச்சுட ரொட்டி வந்துச்சு. டெர்வ்லா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, நண்டு மூக்கைக் கவ்வின கதையைப் பாட்டாக் கட்டிப் பாடினா. ஊரே கூடப் பாடுச்சு. உள்ள கோர்மக் இடுப்பு வாரை இறுக்கி இறுக்கிக் கட்டிக்கிட்டு நடக்கிறான், டக் டக் டக்.

அப்புறம் மூணாவதா தேன் அடை சுடச் சொன்னான். நெஸ்ஸா சுட்டுட்டு, "நான் கொண்டு போக மாட்டேன் ஐயா. அவ முகத்தைப் பார்த்தா எனக்கு அழுகையா வருது. நீங்களே போங்க"ன்னுட்டா. கோர்மக் தட்டை எடுத்தான். அடுக்களைக்கும் வாசலுக்கும் நடுவுல ஒரு இருட்டு நடை. அந்த நடையில அவன் கொஞ்சம் மெதுவாத்தான் நடந்தான்.

"ஏன்?"

ஏனோ! பொறு. வெளியில வந்து, "சாப்பிடும்மா, இளைச்சுட்டியே"ன்னு நீட்டினான். டெர்வ்லாவால முடியல. கை தானாப் பாதி தூரம் போயிடுச்சு. அப்போ ரீங்ங்னு ஒரு தேனீ வந்துச்சு. தட்டைச் சுத்துச்சு, தட்டை விட்டுட்டு நேராக் கோர்மக் தாடியில போய் உட்கார்ந்துச்சு.

டெர்வ்லா கையை இழுத்துக்கிட்டா. "தலைவரே, அதுக்கு உங்க தாடியில என்ன வேலை?"

"அது வந்து... வாசம் பார்த்தேன்."

"தாடியாலயா?"

கொல்லுன்னு ஊரே சிரிச்சுது. தாடியில தேன் பளபளன்னு மின்னுது, அடைத் துணுக்கு வேற தொங்குது. நியாயம் பண்றதுக்கு முன்னாடி தின்னுட்டானே, ரெண்டு மடங்கு கொடுத்தாகணும்! அவ படகோட, பாய் கட்டின தன்னோட படகையும் தள்ளிட்டு வந்து கொடுத்தான். அவ அங்கேயே உட்கார்ந்து அடை அத்தனையும் தின்னுட்டு, தட்டை மட்டும் நெஸ்ஸாகிட்டத் திருப்பிக் கொடுத்தா.

"அப்புறம் அவன் மீன் கேட்டானா?"

கேட்பானா? கூடையைப் பார்த்தாலே மூக்கைப் பொத்திப்பான்.

"நம்ம வீட்டுல அந்த வழக்கம் கிடையாதா?"

இன்னைக்கு மட்டும் உண்டுன்னு வச்சுக்கோ. உங்க அப்பனும், குழந்தை சாப்பிடாம எனக்கும் வேண்டாம்னு கூடத்துல வீறாப்பா உட்கார்ந்திருக்கான். ஆனா இப்பத்தான் அடுக்களையில முறுக்கு டப்பா மூடி டங்குன்னு விழுந்துச்சு. எலின்னு நினைச்சியா? மெல்லப் போய் அவன் மீசையைப் பாரு.

"அப்பாஆ! மீசையில என்ன?"

பாரு, மீசையைத் துடைச்சுக்கிட்டே அலமாரி மேலேருந்து பம்பரத்தை எடுத்து நீட்டுறான்! கதை கரையேறியாச்சு, பம்பரமும் கைக்கு வந்தாச்சு. ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு வந்து தூங்குங்க.