இரண்டு இடது இறக்கை

“டீச்சர், என்னை ஏமாத்திட்டாங்க,” என்றார் சீடர்.

“யாரு?”

“விமானம் செய்யிற கிட் வித்த கம்பெனிக்காரன். வலது இறக்கைக்கு வழியே இல்லை. ரெண்டும் இடது இறக்கையா வருது. நோட்டீஸ் அனுப்பப் போறேன்.”

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் மலை கிடையாது, குகை கிடையாது, தாடியும் கிடையாது. அதை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம்.

குருவின் பெயர் ஜெசிந்தா. ராசிபுரத்துக்காரர். கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறார். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரிமோட்டில் சின்ன விமானம் பறக்கவிடுவார். குரு என்று யாராவது சொன்னால் முறைப்பார்.

சீடர் தண்டபாணி, சிவில் வக்கீல். அறுபதைத் தாண்டியாயிற்று. நோட்டீஸ் அனுப்புவது அவருக்குத் தும்மல் மாதிரி, தானாக வரும்.

வக்கீல் காரிலிருந்து இரண்டு இறக்கைகளையும் எடுத்து வந்து டீச்சர் வீட்டுத் தரையில் வைத்தார். பால்சா மரம். காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் கனம். ஒட்டிய இடத்தில் பசை பிதுங்கவில்லை. நல்ல வேலை. குறை சொல்ல முடியாது.

டீச்சர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

முன்பக்கம் முன்னால் வந்தால், ஒரு இறக்கை மல்லாக்கப் படுத்தது. அதைக் குப்புறத் திருப்பினால், முன்பக்கம் பின்னால் போனது.

“இதை யாரு கட்டினது?”

“நான்தான்.”

“அதை?”

“அதுவும் நான்தான். பிளானை மேஜை மேல விரிச்சு, வரைஞ்ச கோட்டு மேலயே குச்சியை வெச்சு, குண்டூசி குத்தி ஒட்டினேன். ஒரு நூல் பிசகலை.”

“ரெண்டையும் ஒரே கோட்டு மேலயா?”

“பிளான்ல ஒரு இறக்கைதானே வரைஞ்சிருக்கான்!”

“அப்ப நோட்டீஸை யாரு பேருக்கு அனுப்புறீங்க?”

வக்கீல் வாயைத் திறந்தார். மூடினார். கோர்ட்டில் அப்படி நடந்ததாக யாரும் சொன்னதில்லை.

“சரி. இன்னொரு இறக்கை எங்க இருக்கு?” என்று கேட்டார் கடைசியில்.

“பின்பக்கம்.”

“எதுக்குப் பின்பக்கம்?”

டீச்சர் எழுந்தார். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தார். பிளான் காகிதத்தில் ஊற்றிப் பஞ்சால் தடவ ஆரம்பித்தார்.

“ஐயோ, டீச்சர்! காகிதம்!”

“தலைக்கா தடவுறேன்? சும்மா இருங்க.”

எண்ணெய் ஊற ஊறக் காகிதம் கண்ணாடி மாதிரி ஆனது. டீச்சர் அதைத் திருப்பிப் போட்டார். முன்னால் வரைந்திருந்த கோடெல்லாம் பின்னாலிருந்து தெரிந்தது. வலது இறக்கை அங்கே இருந்தது.

வக்கீல் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அட, பாவி,” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

“வக்கீல் சார், நான் ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு எதுக்கு விமானம்?”

வக்கீல் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பொங்கலுக்கு என் பொண்ணு வர்றா. குழலி. லா காலேஜ்ல சேர்த்துவிட்டேன். பாதியில விட்டுட்டு ஓசூர் போயிட்டா. வயலுக்கு மருந்து அடிக்கிற ஆளில்லா விமானம் இருக்குதில்ல, அது செய்யிற இடத்துல வேலை.”

“நல்லதுதானே?”

“வந்தா தங்க மாட்டேங்கிறா, டீச்சர். போன தடவை சோத்துல பாதியில எழுந்து போயிட்டா. சட்டம் பேசினா சண்டை. சம்பளம் பேசினா சண்டை. கல்யாணத்தைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. அவளுக்குப் பிடிச்சது விமானம். நானே ஒண்ணு கட்டி, நானே பறக்கவிட்டுக் காட்டினா, அதைப் பத்தியாவது பேசுவா. ஒரு வேளை சோத்தை முழுசா சாப்பிட்டுப் போவா.”

டீச்சர் தடவிக்கொண்டே இருந்தார்.

“பயமா இருக்கு,” என்றார் வக்கீல். “இந்தத் தடவையும் எழுந்து போனா, இனிமே வர மாட்டா. அவங்கம்மா சொல்லிட்டா. எனக்கே தெரியுது.”

“எண்ணெய் கொஞ்சம் அதிகமாயிருச்சு,” என்றார் டீச்சர். “துடைங்க.”

இதுதான் ஆறுதல். வக்கீல் துடைத்தார்.

*

வக்கீல் ஒரு இறக்கையைப் பிரித்தார். பாதிக் குச்சி உடைந்தது. டீச்சர் வேறு மரம் கொடுத்தார். காகிதத்தின் பின்பக்கத்தில் வலது இறக்கை எழுந்தது.

உப்புத்தாளால் தேய்த்தார். மர மாவு மீசையெல்லாம் அப்பிக்கொண்டது. மனைவியின் இஸ்திரிப் பெட்டியை எடுத்து, இறக்கைக்கு மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டினார். அதே பெட்டியில் மறுநாள் பட்டுப்புடவை தேய்க்கப்பட்டது. அதன்பிறகு வீட்டில் நடந்ததைக் கதையில் சொல்வதற்கில்லை.

மோட்டார் ஏறியது. பேட்டரி ஏறியது. வாலும் இறக்கை ஓரமும் ரிமோட் சொன்னபடி ஆடின.

“டீச்சர், முடிஞ்சுது!”

“பறக்கட்டும். அப்புறம் சொல்லுங்க.”

ஊருக்கு வெளியே வீட்டுமனை போட்டு விற்காமல் கிடந்த ஒரு தரிசு. எண் போட்ட கல்லைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அந்த இடத்தின் வழக்கே வக்கீலிடம்தான் இருந்தது. அவர் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும் வரை விமானத்துக்கு மைதானம் இருக்கும்.

வக்கீல் கையில் ஒரு ரிமோட், டீச்சர் கையில் ஒரு ரிமோட். நடுவில் ஒரு ஒயர். சீடர் தடுமாறினால் டீச்சர் ஒரு சுவிட்சைத் தட்டி விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு சுவிட்சு இருந்தால் நாடு உருப்பட்டிருக்கும்.

விமானம் எழுந்தது. வக்கீலுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

வலது என்றார், வலது போனது. இடது என்றார், இடது போனது. தங்கமான பிள்ளை.

தூரத்தில் போய்த் திரும்பி, அவரைப் பார்த்து வந்தது. அங்கேதான் வினை.

வலது பக்கம் போகட்டும் என்று விசையை வலது பக்கம் தள்ளினார். விமானம் இடது பக்கம் சாய்ந்தது. பதறி இன்னும் வலது பக்கம் தள்ளினார். இன்னும் சாய்ந்தது. தலைகீழாக விழப் போனது.

டீச்சர் சுவிட்சைத் தட்டினார். நிமிர்த்தினார். திருப்பிக் கொடுத்தார்.

மறுபடியும் போனது, திரும்பி வந்தது, சாய்ந்தது. டீச்சர் மறுபடியும் தட்டினார்.

“போகும்போது சொன்ன பேச்சைக் கேக்குது,” என்றார் வக்கீல். “என்னைப் பாத்து வரும்போது மட்டும் எதிர்த்துப் பேசுது. வலது பக்கம் போடான்னா இடது பக்கம் போகுது.”

டீச்சர் அவருக்கு எதிரில் வந்து நின்றார்.

“அது வலது பக்கம்தான் போச்சு.”

“என் கண்ணால பாத்தேன், டீச்சர்! இடது!”

“யாரோட இடது?”

“இடதுன்னா இடதுதான். இதுல யாரோடதுன்னு என்ன இருக்கு?”

“அது முகம் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“கேள்வி கேக்குறது என் தொழில்,” என்றார் வக்கீல். “நீங்க பதில் சொல்லுங்க.”

“சொல்லிட்டேனே,” என்றார் டீச்சர்.

அன்றைக்கு அவ்வளவுதான்.

*

போகிப் பண்டிகை அன்று காலையில் வக்கீல் ஒயரைக் கழற்றச் சொன்னார்.

“நாளைக்கு மத்தியானம் அவ வந்துருவா. அவ முன்னாடி ஒயர் போட்டா விடறது? ஒரு தடவையாவது தனியா விட்டுப் பாக்கணும்.”

“இன்னும் பழகலை, சார்.”

“முப்பது வருஷமா தனியா வாதாடுறவன் நான்.”

“விமானத்துக்கு அது தெரியாதே,” என்றார் டீச்சர். ஆனாலும் கழற்றிவிட்டார்.

போகும்போது அழகாகப் போனது. திரும்பி வந்தது. வக்கீல் வலது பக்கம் தள்ளினார். விமானம் சாய்ந்தது. “ஏய், ஏய், அந்தப் பக்கம்!” என்று கத்தினார். வாயால் கத்தினால் கேட்கிற விமானம் இன்னும் வரவில்லை. இன்னும் வலது பக்கம் தள்ளினார்.

மனைக் கல் ஒன்றில் போய் மோதியது.

அருகில் போய்ப் பார்த்தார்கள். வலது இறக்கை நடுவில் ஒடிந்து, பிளாஸ்டிக் தாளில் தொங்கியது. உடம்பு விரிந்துவிட்டது.

வக்கீல் வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்தார்.

“போச்சு,” என்றார். “நாளைக்கு நான் எதைப் பேசுறது?”

டீச்சர் திட்டவில்லை. தட்டிக்கொடுக்கவும் இல்லை. தன் காரிலிருந்து தன் விமானத்தை எடுத்து வந்தார். பழைய விமானம். எந்த இடத்தைப் பார்த்தாலும் ஒட்டு. குருவும் விழுந்து எழுந்தவர்தான் என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

ரிமோட்டை வக்கீல் கையில் கொடுத்தார். ஒயர் இல்லை.

“விடுங்க.”

“இதையும் உடைக்கவா?”

“உடைஞ்சா ஒட்டிக்கலாம். எழுந்திருங்க.”

வக்கீல் எழுந்தார். விமானம் எழுந்தது. போனது. திரும்பியது. அவரைப் பார்த்து நேராக வந்தது.

“வருது, டீச்சர். வாங்கிக்குங்க. வருது!”

டீச்சர் ரிமோட்டைத் தொடவில்லை. வக்கீலின் தோள் இரண்டையும் பிடித்து அவரை அப்படியே திருப்பி நிறுத்தினார்.

“என்ன பண்றீங்க? முதுகைக் காட்டினா எனக்கு எப்படித் தெரியும்?”

“தலையை மட்டும் திருப்பித் தோள் மேல பாருங்க. காலும் உடம்பும் அது பாக்குற பக்கமே பாத்து நிக்கட்டும்.”

வக்கீல் தோளுக்கு மேல் பார்த்தார். விமானம் அவருக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்தார்கள்.

வலது பக்கம் தள்ளினார். வலது பக்கம் போனது.

தலைக்கு மேல் கடந்து, வேலி ஓரம் திரும்பி, மறுபடியும் வந்தது. வக்கீல் தானாகவே திரும்பி நின்றுகொண்டார். மறுபடியும் சொன்னபடி போனது.

டீச்சர் ரிமோட்டை வாங்கி விமானத்தைத் தரையில் இறக்கினார்.

“இவ்வளவுதானா?” என்றார் வக்கீல்.

“இவ்வளவுதான்.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!”

“அன்னிக்கு உங்க எதிர்ல நின்னு சொன்னேன்.”

*

பொங்கல் அன்று மத்தியானம் குழலி வந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் இலை போட்டிருந்தது. அவள் எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். வக்கீல் எப்போதும் உட்காருகிற இடத்தில், அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அம்மா பரிமாறினாள்.

ஒடிந்த விமானத்தை வக்கீல் அட்டைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதபோது மனிதனுக்குத் தொழில்தான் வாயில் வருகிறது.

“எத்தனை நாள் லீவு?”

“நாளைக்குப் போகணும்ப்பா.”

“ஏன், நாளைக்கே?”

“வேலை இருக்கு.”

“பண்டிகையில என்ன வேலை? உன்னைத் தவிர வேற ஆளே இல்லையா அங்க?”

“அப்பா.”

“கேள்விதானே கேட்டேன்.”

“நீங்க கேக்குறது கேள்வி இல்லை.”

குழலியின் கை சாம்பார் சோற்றில் நின்றுவிட்டது. அவள் தட்டை நகர்த்துகிறவள் இல்லை, கத்துகிறவள் இல்லை. பேசாமல் இலையை மூடிவிட்டு எழுந்து போகிறவள். இடது கை இலையின் ஓரத்துக்குப் போனது. சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

அவள் எழுவதற்கு முன் வக்கீல் எழுந்துவிட்டார்.

கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை. மேஜையைச் சுற்றி வந்தார். மகளுக்குப் பக்கத்து நாற்காலியை இடது கையால் இழுத்தார். உட்கார்ந்தார். அவருடைய இலை அந்தப் பக்கமே கிடந்தது.

“என்னப்பா?”

வக்கீல் தலையை நிமிர்த்தினார். அவள் பார்க்கிற திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே சுவர். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், அவர் உட்கார்ந்தால் தலைக்குச் சற்று மேலே, ஒரு பித்தளைப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தது. மகளைச் சட்டக் கல்லூரியில் சேர்த்த அன்றைக்குச் சேலத்தில் ஆர்டர் கொடுத்து, அவரே ஆணி அடித்து மாட்டியது.

த. குழலி, பி.ஏ., பி.எல்., வழக்கறிஞர்.

வாராவாரம் துடைக்கிறார்கள் போல. நன்றாகப் பளபளத்தது.

“அம்மா கண்ணு,” என்றார் வக்கீல்.

எழுந்து போனார். வலது கை முழுக்கச் சோறு. இடது கையால் எட்டிப் பலகையைத் தூக்கினார். ஆணியில் கொஞ்சம் சிக்கியது. அசைத்து எடுத்துத் தரையில் சாய்த்து வைத்தார். தன் இலையை இழுத்துக்கொண்டு வந்து மறுபடியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வெளியே யாரோ கரும்பு விற்றுக்கொண்டு போனார்கள்.

குழலி வெறும் சுவரைப் பார்த்தாள். மிச்சமிருந்த சாம்பார் சோற்றை வழித்துச் சாப்பிட்டாள்.

“அம்மா,” என்றாள். “ரசம்.”