ஆற்றின் குறுக்கே ஒரு கயிறு

கேளுங்கள், இது எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்னால் நடந்தது. ஒரு நாட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு பெரிய ஆறு ஒன்று ஓடியது. இந்தக் கரையில் சந்தையும் ஊரும், அந்தக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால்களும் குடிசைகளும் இருந்தன. மழைக்காலம் வந்தால் எந்தப் படகும் ஆற்றில் இறங்காது. "ஆறு அப்படித்தான்" என்று எல்லாரும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

அந்நாட்டு அரசன் ஒரு நாள் பறை அறைவித்தான். "வெள்ளத்தில் ஆட்களை அக்கரை சேர்த்துக் காட்டுபவருக்கே இந்தத் துறையில் கூலி வாங்கும் உரிமை!"

மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் செல்வர் ஆதிச்சன். "நான் செய்கிறேன். நட்டம் வந்தால் அரண்மனை ஈடுகட்ட வேண்டும்" என்றார்.

அடுத்து வந்தவன் வணிகன் சேந்தன். "அக்கரையில் வெற்றிலை அழுகிப் போகிறது, அரசே. அதைக் கொண்டுவந்து விற்றால் எனக்கு ஆதாயம், கொடிக்காலுக்கும் ஆதாயம்."

கடைசியாக மருத்துவச்சி எயினி வந்தாள். "அக்கரையில் பிள்ளை பெற முடியாமல் பெண்கள் சாகிறார்கள். அவர்கள் கூப்பிடுவது எனக்குக் கேட்கிறது, போகத்தான் முடியவில்லை" என்றாள்.

"முயன்று பாருங்கள். ஈடு மட்டும் யாருக்கும் கிடையாது" என்றான் அரசன்.

மழை வந்தது. ஆதிச்சன் பெரிய படகு வாங்கி ஆட்களை ஏற்றி அனுப்பிவிட்டுக் கரையில் நின்றார். படகு பாறையில் மோதி உடைந்தது. ஆட்கள் நீந்திப் பிழைத்தார்கள். அவர்களைத் திட்டிவிட்டு ஆதிச்சன் வீடு போய்ச் சேர்ந்தார்.

சேந்தன் வெள்ளம் ஏறும் முன்பே கரைக்குக் கரை கயிறு கட்டி, அதைப் பிடித்து இழுத்துப் போகும்படி தெப்பம் விட்டான். தெப்பம் நடு ஆற்றில் இருந்தபோது கரையில் நட்ட தூண் பிடுங்கிக்கொண்டது. கயிறும் தெப்பமும் போயின, கைமுதலிலும் பெரும்பங்கு போயிற்று. சேற்றோடு கரையேறியவன், "மணலில் தூண் நட்டது என் தப்பு. பாறையில் நட்டிருக்க வேண்டும்" என்றான்.

எயினி பரிசலில் போனாள். சுழல் அவளை வெகுதூரம் கீழே தள்ளிக்கொண்டு போய் அதே கரையில் போட்டது. நடந்தே திரும்பி வந்தவள், "தனியாகப் போனது என் தப்பு" என்றாள். மறுநாளே வீடு வீடாகப் போய்த் தேங்காய் நார் கேட்டாள். யாரும் இல்லையென்று சொல்லவில்லை; சிலர் கூடவே உதவிக்கும் வந்தார்கள்.

சேந்தன் அவளிடம் போனான். "அம்மா, உங்களிடம் நாரும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். எனக்குக் கயிறும் தெப்பமும் கட்டத் தெரியும். சேர்ந்து செய்வோமா? ஆனால் கூலி வாங்குவேன்."

"நோயாளியிடம் வாங்கக் கூடாது."

"அப்படியானால் கயிறு இழுப்பவனுக்கு யார் சோறு போடுவது?"

எயினி யோசித்தாள். "உங்கள் வெற்றிலை விற்ற காசு போடட்டும்."

வெள்ளம் சற்றுத் தணிந்தபோது இரு கரையிலும் பாறையில் தூண் நட்டுக் கயிறு கட்டினார்கள். மறுபடி வெள்ளம் ஏறி, அரசன் பார்க்க வந்த அன்று இருவரோடும் தெப்பம் அக்கரை சேர்ந்தது. வெற்றிலைக் கட்டுகளை ஏற்றி முடித்த நேரம், வலியில் துடித்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மேற்கே வானம் கறுத்துவிட்டது. இன்னும் ஒரு தடவைதான் கடக்க முடியும். கட்டிலும் கட்டுகளும் சேர்ந்து ஏற இடமில்லை.

எயினி சேந்தனைப் பார்த்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே அவன் கட்டுகளைக் கரையில் இறக்கத் தொடங்கிவிட்டான். அவனிடம் மிச்சமிருந்த முதலெல்லாம் அந்தக் கட்டுகள்தான்.

அன்று இக்கரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வெள்ளம் தணிந்ததும் எயினி அக்கரைக்குப் போய், அழுகாமல் தப்பிய வெற்றிலையைப் பிரித்தெடுத்துத் தன் தலையிலேயே சந்தைக்குச் சுமந்தாள்.

"உனக்கு எதற்கம்மா இந்த வேலை?" என்று கேட்டான் அரசன்.

"இது விற்றால்தானே அடுத்த மழைக்குக் கயிறு இருக்கும்!"

அரசன் துறையை இருவருக்கும் பொதுவாகக் கொடுத்தான். "ஈடு தருவதாகச் சொல்லியிருந்தால் நானும் செய்திருப்பேன்" என்று ஆதிச்சன் முணுமுணுத்தார். எல்லாரும் தெப்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஆதாயத்துக்காகத் தொடங்கினாலும் ஊருக்காகத் தொடங்கினாலும், ஊரின் குறையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டு, தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு திருத்தி, அடுத்தவரையும் சேர்த்துக்கொண்டு எழுபவரே எடுத்த காரியத்தை முடிப்பார்.