மசாஜ் நிலையத்துக்கு ஒரு சாட்சி

மசாஜ் நிலையம் நடத்தும் பிலோமினா, லைசென்ஸ் கேட்டு நகராட்சிக் கூட்டத்துக்கு வந்தாள். தலைவர் தணிகாசலம் முகம் சுளித்தார்.

"மசாஜ்னாலே ஊரில் தப்பாப் பேசுறாங்க. மரியாதைப்பட்டவங்க யாராவது உன்கிட்ட வந்ததா இங்கேயே சாட்சி சொல்லட்டும், தர்றேன். இல்லைன்னா இன்னிக்கே கடையைப் பூட்டிடுவேன்."

கவுன்சிலர்கள் மேசைமேல் குனிந்துகொண்டார்கள். தலைவரும் எதையோ தேடுவதுபோல் குனிந்தார். பிலோமினா குரலை உயர்த்தி ஓர் அதட்டல் போட்டாள்.

"முதுகுவலின்னு என்கிட்ட வர்றவங்க கூன் போட்டு உட்காரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

பாதிப் பேர் விருட்டென்று நிமிர்ந்தார்கள். அவர்களில் முதலில் நிமிர்ந்தவர் தலைவர்தான்!

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"சாட்சி போதுமாங்க ஐயா?" என்றாள் பிலோமினா.

தலைவர் அசடு வழியக் கையெழுத்துப் போட்டார், முதுகு வளையாமல்.