சந்தையில் வாங்கிய பதினொரு பேர்

உப்பளக்குடிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அவர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள்.

கடலோரத்தில் இருக்கிற அந்த ஊருக்கு ஒரு கால்பந்துக் கழகம் உண்டு. போன திருவிழாப் போட்டியில் பக்கத்து ஊரான புதுமணலிடம் அது ஒன்பது கோல் வாங்கியது. திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை. அன்றைக்கு மாமியார் வீட்டுக்குப் போன மானேஜர் திரும்பி வரவேயில்லை. அவர் இடத்துக்குச் சந்தியாகுவைப் போட்டார்கள். ஊரில் விசில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

சந்தியாகுவுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பதவி அது. அதுவரை குழம்பு ஊற்றினால் அவர் தட்டில் மீன் வால்தான் விழும். மானேஜர் ஆன நாளிலிருந்து மனைவி ரொசாலி நடுத்துண்டு வைத்தாள். பதவி போனால் நடுத்துண்டும் போய்விடும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. அந்த அளவுக்கு விவரமான ஆள்.

ஒரு நாள் டீக்கடை டிவியில் கோட்டு போட்ட நிபுணர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு மானேஜரை எப்படி எடைபோடுவது? சந்தையில் எவ்வளவு செலவு செய்தார், அணியை எப்படிக் கட்டினார், இரண்டையும் பார்த்தால் போதும்."

கழகத் தலைவர் பனியடிமையும் பொருளாளர் தொம்மையும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். சந்தியாகுவைக் கையோடு கூட்டிப் போய் மீன் ஏலக் கூடத்துத் தராசில் ஏற்றினார்கள்.

"அறுபத்திரண்டு கிலோ," என்றார் தொம்மை.

"பழைய மானேஜர்?"

"அவரு எண்பதுக்குக் குறைய மாட்டாரு."

பனியடிமை தராசு முள்ளைத் தட்டிப் பார்த்தார். "அவ்வளவு கனத்த ஆளை வச்சே ஒன்பது கோல். இவரு சந்தையில தாராளமாச் செலவு பண்ணினாத்தான் ஈடுகட்ட முடியும்வே."

கழகத்துப் பணம் மொத்தத்தையும் சந்தியாகுவிடம் கொடுத்துச் சனிக்கிழமைச் சந்தைக்கு அனுப்பினார்கள். "மிச்சம் கொண்டுவந்தீரு, பதவி கிடையாது, பாத்துக்கிடும்."

சந்தையில் வாழைக்காய் விற்கிறவளிடம் சந்தியாகு விசாரித்தார். "ஆட்டக்காரங்க எங்கம்மா கிடைப்பாங்க?"

அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். "ஆட்டுக்காரங்களா? அந்தா, வேப்பமரத்தடியில."

வேப்பமரத்தடியில் தலைப்பாகை கட்டிய வியாபாரி உட்கார்ந்திருந்தார். பதினொன்று வேண்டும் என்றதும் எழுந்து துண்டை உதறினார். சந்தியாகு ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"இந்தக் கறுப்பு எப்படி?"

"முன்னால எவன் நின்னாலும் முட்டித் தள்ளிரும்."

"கோல் போட இவரு. அவரு?"

"ஒரு இடத்துல நிக்காது அண்ணாச்சி. நாள் பூரா சுத்தும்."

"நடுக்களத்துக்கு ஆச்சு. அந்த வெள்ளை?"

"வாசல்ல படுத்துதுன்னா எழுப்ப முடியாது. ஒரு பய உள்ள போக முடியாது."

"கோல்கீப்பர்," என்றார் சந்தியாகு நிம்மதியாக.

எல்லாருக்கும் நாலு கால் இருந்ததை அவர் கவனிக்காமல் இல்லை. கால்பந்து ஆட்டத்துக்குக் கால் கூடுதலாக இருப்பது நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டார்.

"மொத்தம் அறுபதாயிரம்," என்றார் வியாபாரி.

சந்தியாகு முகம் சுண்டிப்போயிற்று. "என்னவே, இவ்வளவு கம்மியாச் சொல்லுதீரு? கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"எழுபது?"

"மனசாட்சியோட பேசும்."

"எ... எண்பது?"

"அப்படி வாரும் வழிக்கு. இன்னொரு அஞ்சையும் சேத்துக்கிடும்."

வியாபாரி அத்தோடு கடையைக் கட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். போகும்போது இரண்டு தடவை பயத்தோடு திரும்பிப் பார்த்தார்.

காலிப் பையைப் பார்த்துக் கமிட்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இனி அணியைக் கட்டும்," என்றார் பனியடிமை. சந்தியாகு கட்டினார். வெள்ளையைக் கோல்கம்பத்தில், அதற்கு முன்னால் நாலு பேர், அப்புறம் மூன்று, அப்புறம் மூன்று. எல்லாரையும் வலைக்கயிற்றால் ஒருவரோடு ஒருவர் பிணைத்தார். பனியடிமை ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார்.

"பழைய மானேஜர் ஒரு நாளாவது அணியைக் கட்டினாரா? பயலுவ பாட்டுக்கு மைதானம் பூரா ஓடிக்கிட்டுத் திரிஞ்சானுவ."

திருவிழா வந்தது. புதுமணல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவர் வெளியூர்க்காரர்தான், ஆனால் உப்பளக்குடியில் பெண் எடுத்தவர். எல்லார் சட்டையிலும் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது. விசில் ஊதினார்.

புதுமணல் அடித்த பந்தெல்லாம் கயிற்றில் மாட்டியது. பந்தை எடுக்கப் போனவர்கள் கால் தடுக்கி விழுந்தார்கள். விழுந்தவர்களைக் கறுப்பு கவனித்துக்கொண்டது. வெள்ளை கோல்வாசலில் படுத்தது, எழுந்திருக்கவேயில்லை. ஆட்டம் முடியப்போகிற நேரத்திலும் புதுமணலுக்கும் சரி, உப்பளக்குடிக்கும் சரி, ஒரு கோல்கூட இல்லை. சந்தியாகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். கோல்கீப்பருக்குப் பக்கத்தில் ஈரமாக ஒருவர் எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்தார்.

"பன்னிரண்டு பேர் இருக்காங்க," என்றார் நடுவர். "இவரை எப்ப வாங்கினீங்க?"

"வாங்கல," என்றார் சந்தியாகு. "அவராவே வந்துட்டாரு."

"விலை குடுத்து வாங்கியிருந்தா மாற்று ஆட்டக்காரர்னு சேத்துக்கிடுவேன், ஆட்டம் சமன். இல்லேன்னா புதுமணலுக்குத்தான் வெற்றி."

தொம்மை தலையில் கை வைத்துக்கொண்டார். "இனாமாவா ஆளு சேத்தீரு? ஊரு காறித் துப்பும்வே!"

"உமக்குப் பதவி குடுத்தது எங்க தப்பு," என்றார் பனியடிமை.

சந்தியாகு சட்டைப்பையைத் துழாவினார்; ஒன்றுமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரொசாலி ஓடி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய்த் தாளை அவர் கையில் திணித்தாள். சந்தியாகு கோல்வாசலில் மண்டியிட்டு, தாளை இரண்டு கையாலும் வெள்ளையிடம் நீட்டினார். "உங்க பிள்ளைக்கு. ஒத்துக்கிடுங்கம்மா."

வெள்ளை மோந்து பார்த்தது. ஒரே வாயில் தாள் உள்ளே போயிற்று. ஊரே கைதட்டியது. பிறகு அது கழுத்தை நீட்டி மானேஜர் சட்டையின் கையைக் கவ்வி மெல்லத் தொடங்கியது. முழங்கை வரை போயிற்று. சந்தியாகு பரிதாபமாகத் திரும்பிக் கமிட்டியைப் பார்த்தார்.

"அசையாம இரும்வே," என்று பனியடிமை காதோடு சொன்னார். "பேரம் நடக்குது."